மலையேறி வந்த கிட்டார்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள், மலைப்பாதை தொடங்கும் முன் சாலையோரத்தில் ஒரு பழைய நுழைவு வளைவைப் பார்த்திருப்பார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயர் அதில் இன்னும் இருக்கிறது. உள்ளே இருந்த ஸ்டூடியோ இல்லை. டி.ஆர்.சுந்தரம் 1930-களின் நடுவில் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டுமே அதன் தயாரிப்புதான். சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் மனம் நிறைந்து நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு முக்கியம் அதற்குப் பின்னால் வந்த இரண்டு மூன்று வருஷங்கள். 1965-ல் 'வல்லவனுக்கு வல்லவன்', 1966-ல் 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' என்று வரிசையாக வந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு வேதா இசையமைத்தார். பல மெட்டுகள் இந்தியிலிருந்தும் மேல்நாட்டுப் பாட்டுகளிலிருந்தும் தழுவியவை. அது குறையாகவே இருக்கட்டும். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்த சேலத்துக்காரன் காதில் எலெக்ட்ரிக் கிட்டார் கணீரென்று விழுந்தது அந்தப் பாட்டுகளில்தான்.

அதே வருஷங்களில் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இன்னொரு கிட்டார் கேட்கத் தொடங்கியிருந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியை ஊன்றினார். காபியைத் தொடர்ந்து பங்களாக்கள் வந்தன, தேவாலயங்கள் வந்தன, விடுதியோடு கூடிய ஆங்கிலப் பள்ளிகள் வந்தன. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. பங்களாவில் கிராமபோன், தேவாலயத்தில் ஆர்கன், பள்ளிக்கூடத்தில் பியானோ என்று மேல்நாட்டு வாத்தியங்கள் ஏற்கனவே குடியேறியிருந்த ஊர் இது. அதனால் ராக் இசை வந்தபோது ஏற்காடு திகைக்கவில்லை. லீவு முடிந்து சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திரும்பும் பிள்ளைகளின் டிரங்குப் பெட்டியில், சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக வைக்கப்பட்ட இசைத்தட்டாக அது மலையேறியது.

சென்னைக்கும் இந்த இசைக்கும் பிறப்பிலேயே ஒரு தொடர்பு உண்டு. பீட்டில்ஸ் குழுவில் ரிங்கோ ஸ்டாருக்கு முன்னால் டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் 1941-ல் சென்னையில் பிறந்தவர். 1962-ல் அவரைக் குழுவிலிருந்து விலக்கினார்கள். பாடகர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936-ல் சென்னையில் பிறந்தவர். 1967-ல் அவருடைய 'ரிலீஸ் மீ' பிரிட்டனின் முதலிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்ததால், பீட்டில்ஸின் 'பென்னி லேன்' இரண்டாம் இடத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்வார்கள். பெருமைப்பட நியாயம் இருக்கிறது.

நான் வளர்ந்தது ஒரு காபி எஸ்டேட்டில். அப்பா அங்கே ரைட்டர். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதுவது, எடை பார்ப்பது, சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா எல்லாம் அவர் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அதன் ஏரியல் ஒயரைச் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் கட்டியிருந்தார்கள். மலையில் சிற்றலை நன்றாக எடுக்கும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு அம்மா காத்திருப்பார். அதன் ஆங்கிலச் சேவைக்கு அண்ணன் காத்திருப்பான். பிபிசியும் வந்தது. பாட்டு நடுவே சத்தம் மெல்லத் தேய்ந்து, ஒரு நீண்ட இரைச்சலுக்குள் போய், வேறெங்கோ மறுபடி மேலே வரும். போன இடத்தில் என்ன வாசித்திருப்பார்கள் என்பதை நாங்கள்தான் மனசுக்குள் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளில் கேசட் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் அப்போது ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். வாசலில் ஆளுயர ஸ்பீக்கர், உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு டெக். பாட்டுகளை வெள்ளைத்தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, காலி கேசட்டுக்கும் பதிவுக்கும் காசு கட்டிவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் கிடைக்கும். சேலத்துக் கடைகளில் பெரும்பாலும் இளையராஜாதான். ஆனால் நாமே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எதையும் பதிந்து தருவார்கள். பக்கத்து எஸ்டேட் முதலாளியின் மகன் விடுதியில் படித்தவர், என்னைவிட மூத்தவர். அவரிடம் இரவல் வாங்கிய இரட்டைத் தட்டு ஒன்றை, கோணிப்பைக்குள் அட்டை வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு சேலம் போனோம் அண்ணனும் நானும். டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்'.

அந்த ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17-ம் தேதி டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகளின் பதிவு அது. ஜப்பானில் மட்டும் விற்க ஒரு நேரடி ஆல்பம் வேண்டும் என்று அங்கிருந்த கம்பெனி கேட்டதால் குழு அரைமனசோடு ஒப்புக்கொண்டது. மார்ட்டின் பர்ச் என்ற ஒலிப்பதிவாளர் எட்டு டிராக்கில் பதிந்தார். ஸ்டூடியோவுக்கு வந்து ஒட்டுப்போடும் வேலையே வைத்துக்கொள்ளவில்லை. அரைமனசோடு செய்த அந்தக் காரியம்தான் அவர்கள் செய்ததிலேயே பெரிதாக நின்றது. ஸ்டூடியோவில் நாலரை நிமிஷம் ஓடிய 'ஸ்பேஸ் டிரக்கின்' அங்கே இருபது நிமிஷம். 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பாட்டில் இயன் கில்லன் குரலால் ஒரு சங்கதி போட, ரிச்சி பிளாக்மோர் அதைக் கிட்டாரில் அப்படியே திருப்பித் தருகிறார். நம் கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தை வயலின் எடுத்துக்கொள்வது போலத்தான். அதனால்தானோ என்னவோ, ஆங்கிலமே தெரியாத என் சித்தப்பாவுக்குக்கூட அந்த இடம் பிடித்திருந்தது.

கடைக்காரர் அதை சி-60 கேசட்டில் பதிந்துவிட்டார். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். முதல் தட்டு மொத்தம் முப்பத்தாறு நிமிஷத்துக்கு மேல். ஆகவே 'தி மியூல்' பாட்டில் இயன் பெய்ஸின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் சூடு பிடிப்பதற்குள் டேப் தீர்ந்து, டக்கென்று பொத்தான் மேலே வந்துவிடும். மறுபக்கத்தில் 'ஸ்பேஸ் டிரக்கின்' சரிபாதியில் அறுந்தது. மீதிப் பத்து நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்பதே வெகுகாலம் எங்களுக்குத் தெரியாது. சி-90 வாங்க வேண்டியிருந்தது. அதற்குக் காசு சேர வேண்டியிருந்தது. சேர்ந்து, மறுபடி பதிந்து வாங்கியதும் அண்ணன் முதல் வேலையாகக் கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துப் போட்டான். அவை போய்விட்டால் அதன் மேல் யாரும் வேறொன்றைப் பதிய முடியாது. பிறகு யாராவது அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் அதை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தான்.

மலையில் மின்சாரம் அடிக்கடி போகும், அல்லது மங்கும். நாலு பெரிய பாட்டரி போட்டு ஓட்டுவோம். பாட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாகும். சுருதி அரைக்கட்டை, முக்கால் கட்டை என்று கீழே போகும். கேசட்டைக் கேட்டுத்தான் பையன்கள் கிட்டார் பழகினார்கள். ஆகவே இறங்கிய சுருதிக்கே தந்திகளைத் தளர்த்தி வைத்துக்கொண்டார்கள். இரும்புத் தந்தி பனியில் துருப்பிடிக்கும். மாற்றுவதற்குச் சேலத்தில் எப்போதும் கிடைக்காது. சென்னை மவுண்ட் ரோடில் மியூசி மியூசிக்கலுக்கு யாராவது போனால் சொல்லிவிட வேண்டும். 1842-ல் தொடங்கிய கடை அது, எங்கள் காலத்திலேயே கிழவன். ஆறாவது தந்தி அறுந்த கிட்டாரில் ஐந்து தந்தியோடு ஒரு வருஷம் முழுக்க வாசித்த கைகளை எனக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் அதிகம் தேடியது நேரடி ஆல்பங்களைத்தான். அதற்குக் காரணம் உண்டு. ஸ்டூடியோவில் செய்த பாட்டில் ஒரே ஆள் மூன்று முறை கிட்டார் வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவன் அதைக் கேட்டுக் குழம்பிப்போவான். இரண்டு கையால் இதை எப்படி வாசிக்க முடியும் என்று மலைப்பான். மேடையில் பதிந்ததில் அந்தக் குழப்பம் இல்லை. நாலு பேர், நாலு வாத்தியம், இருக்கிற சத்தம் அத்தனையும் இருக்கிற கைகளிலிருந்து வருவது. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் 'தி ஹூ' வாசித்ததைப் பதிந்த 'லைவ் அட் லீட்ஸ்' தட்டின் லேபிளில், கரகர சத்தம் இருக்கத்தான் செய்யும், அதைத் திருத்த வேண்டாம் என்று கையெழுத்திலேயே எழுதியிருந்தது. 1971 மார்ச்சில் ஆல்மன் பிரதர்ஸ் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிந்தது. 1964 நவம்பரில் பி.பி.கிங் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பதிந்தது. ஒவ்வொன்றிலும் கூட்டம் மூச்சுவிடுவது கேட்கும். அந்தக் குழுக்களை நேரில் பார்ப்போம் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. பார்க்க முடியாதவனுக்கு அந்தத் தட்டுதான் அரங்கு, அதுதான் வாத்தியார்.

சொந்த மண்ணில் குழுக்கள் இல்லாமல் இல்லை. இந்தக் கதையில் எனக்கு ஆற்றாமை மிஞ்சுகிற இடம் இதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் சிம்லா சிகரெட்டின் பெயரில் இம்பீரியல் டொபாக்கோ நாடு தழுவிய போட்டி ஒன்று நடத்தியது: சிம்லா பீட். சென்னை, பெங்களூர், கல்கத்தா, ஷில்லாங் என்று எங்கெங்கிருந்தோ பையன்கள் பம்பாய்க்கு ரயிலேறினார்கள். அந்தக் குழுக்களின் பாட்டுகள் 1970-லும் 1971-லும் இரண்டு தட்டுகளாக வந்தன. சென்னையின் 'தி கன்ஃப்யூஷன்ஸ்' அதில் இருக்கிறார்கள். கேட்டால் அந்த வயதுக்கே உரிய துணிச்சல் தெரியும். ஐரோப்பாவில் பழைய தட்டுச் சேகரிப்போர் பல வருஷம் கழித்து அதைத் தேடியெடுத்து மறுபதிப்புப் போட்ட பிறகுதான் நம் ஊரில் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியவந்தது. சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம் தம் சகோதரர் சுரேஷோடு 'ஹியூமன் பாண்டேஜ்' குழுவை நடத்தினார். நகரம் நகரமாகப் போய் வாசித்தார்கள். பிறகு அவர் பெங்களூரில் தவில் கற்று, ஜெர்மனிக்குப் போய், டிரம்ஸையும் தவிலையும் ஒரே மேடையில் வாசிக்கிற கலைஞராக உலகம் சுற்றினார். சென்னை ஐஐடியில் 1974 முதல் 'மார்டி கிரா' என்ற பெயரில் நடந்த விழாவில் (இன்றைய சாரங்) திறந்தவெளி அரங்கம் இரவெல்லாம் அதிர்ந்தது. இத்தனை மேடைகளில் இத்தனை பேர் வாசித்தும், தட்டில் ஏறியது விரல்விட்டு எண்ணக்கூடியது. மலைமேல் பள்ளி ஆண்டு விழாக்களிலும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளிலும் வாசித்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கைதட்டல் அடங்கியதும் இசையும் அடங்கிவிட்டது.

கை தேர்ந்தவர்களை சினிமா எடுத்துக்கொண்டது. அதை நான் இழப்பாக நினைக்கவில்லை. இளையராஜாவே கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு மெட்டுப் போட்டவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றவர். அவர் குழுவில் கிட்டாருக்கு சதானந்தமும் சந்திரசேகரும், பாஸ் கிட்டாருக்கு சசிதரனும், டிரம்ஸுக்குப் புருஷோத்தமனும் இருந்தார்கள். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வில் சந்திரசேகர் வாசித்த கிட்டாரை வாசிக்க முயலாத தமிழ்ப் பையன் கிடையாது. ஆனால் கேசட் அட்டையில் அவர் பெயர் தேடினால் இருக்காது. டீப் பர்ப்பிளில் ஆர்கன் வாசித்தவர் ஜான் லார்ட் என்று ஏற்காட்டுப் பையனுக்குத் தெரியும். சேலத்தில் நாள் முழுக்க ஓடுகிற பாட்டில் பாஸ் வாசித்தவர் யார் என்று தெரியாது. அடுத்த தலைமுறையில் ஏ.ஆர்.ரஹ்மான் 'ரோஜா'வுக்கு (1992) முன்னால் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவிலும், சிவமணி, ஜான் ஆன்டனி ஆகியோரோடு 'ரூட்ஸ்' குழுவிலும் இருந்தார் என்பதுகூட அவர் புகழ் பெற்ற பிறகுதான் பரவலாகத் தெரிந்தது.

அப்புறம் நடந்தவை எல்லா ஊருக்கும் பொதுவானவை. 1991-ல் ஸ்டார் டிவியோடு எம்டிவி வந்தது, சிடி வந்தது, எம்பி3 வந்தது, இப்போது கைப்பேசியில் எல்லாமே இருக்கிறது. 'மேட் இன் ஜப்பான்' முழுசும், விட்டுப்போன பாட்டுகளோடு, மூன்று நாள் கச்சேரியும் தனித்தனியாகக் கிடைக்கிறது. 2008 பிப்ரவரி 1 அன்று அயர்ன் மெய்டன் மும்பையில் வாசித்த 'ஏசஸ் ஹை', அவர்களுடைய 'ஃப்ளைட் 666' நேரடி ஆல்பத்திலேயே இடம்பெற்றது. அதில் கத்துகிற கூட்டம் நம் கூட்டம். அதை முதன்முறை கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

இன்று ஏற்காட்டுக்கு வெள்ளிக்கிழமை மாலை வந்து பாருங்கள். பெங்களூர் வண்டிகள் வளைவுக்கு வளைவு நிற்கும். பிரித்து விற்கப்பட்ட காபித் தோட்டங்களில் வில்லாக்களும் ரிசார்ட்டுகளும் எழுந்திருக்கின்றன. இரவுச் சாப்பாட்டோடு கேம்ப் ஃபயர் என்று பேக்கேஜில் போட்டிருப்பார்கள். அதில் ப்ளூடூத் ஸ்பீக்கர், சில சமயம் கிட்டாரோடு ஒரு பையன். அந்தப் பையன்கள் நன்றாகவே வாசிக்கிறார்கள். சுருதி சுத்தம், விரல் சுத்தம். யூடியூபில் உலகத்தின் எந்தக் கிட்டார் கலைஞரின் விரலையும் அருகில் பார்த்துக் கற்றவர்கள். எங்கள் காலத்துத் துருப்பிடித்த தந்தியை நினைத்துக்கொண்டு அவர்களைக் குறை சொல்வது அநியாயம். ஆனால் விருந்தினர் கேட்பதைத்தான் அவர்கள் வாசிக்க வேண்டியிருக்கிறது. மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சியும் நாய்க் கண்காட்சியும் படகுப் போட்டியும் நடக்கும்போது மெல்லிசைக் குழுக்களும் மேடையேறும். சொந்தப் பாட்டோடு வருகிற குழுவுக்கு மலைமேல் மேடை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மேடை சென்னையில் உண்டானது. 'ஜங்யார்ட் க்ரூவ்', 'ஸ்க்ராட்', 'தி எஃப்16ஸ்' போன்ற குழுக்கள் ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதிப் பாடின. பிறகு கபேர் வாசுகியும் தென்மாவும் இருந்த 'குரங்கன்' தமிழில் பாடியது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, பத்தொன்பது பேர். கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். சாதியைப் பற்றி, இட ஒதுக்கீட்டைப் பற்றி, மலக்குழிச் சாவைப் பற்றிப் பாடினார்கள். அதில் பாடிய அறிவும் இசைவாணியும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர்கள் ஆனது இதற்குப் பிறகுதான். ஐம்பது வருஷம் தமிழ்ப் பையன்கள் ராக் இசையின் சத்தத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சத்தம் எதற்காகப் பிறந்ததோ அந்தக் காரணத்தை அந்த மேடைதான் வாங்கிக்கொண்டது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 1941 ஆகஸ்டில் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டார் இசைச் சேகரிப்பாளர், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கோடு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவுக்கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு மிசிசிப்பியின் பருத்தித் தோட்டங்களுக்குப் போனார். ஸ்டோவால் தோட்டத்தில் வேலை செய்த மெக்கின்லி மார்கன்ஃபீல்ட் என்ற இளைஞரை, அவர் வீட்டிலேயே வைத்துப் பாடச்சொல்லிப் பதிந்தார். அந்த இளைஞர் இரண்டு வருஷத்தில் சிகாகோவுக்கு ரயிலேறினார். மடி வாட்டர்ஸ் ஆனார். 1960-ல் நியூபோர்ட் விழாவில் அவர் வாசித்தது ப்ளூஸின் முதல் பெரிய நேரடி ஆல்பங்களில் ஒன்று. 1950-ல் அவர் பாடிய 'ரோலின் ஸ்டோன்' பாட்டின் பெயரைத்தான் லண்டன் பையன்கள் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த ரோலிங் ஸ்டோன்ஸ் தட்டுதான் டிரங்குப் பெட்டியில் எங்கள் மலைக்கு வந்தது.

அதாவது, எங்கோ ஒரு தோட்டத்துக் கூலித் தொழிலாளியின் பாட்டு உலகம் சுற்றி வந்து எங்கள் எஸ்டேட் பங்களாவில் ஒலித்தது. பங்களாவுக்குக் கீழே லைன் வீடுகளில் பாடியவர்களை நாங்கள் பதிந்துவைக்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் காபிப் பழம் பறிக்கிற பருவத்தில் பெண்கள் பாடுவார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க, செடிகளுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத இன்னொருத்தி பதில் சொல்வாள். மேஸ்திரியைக் கிண்டல் செய்கிற பாட்டு, எடையில் ஏமாற்றுவதைச் சொல்கிற பாட்டு, சமவெளியில் விட்டுவந்த பிள்ளையை நினைத்த பாட்டு. எடைத் தராசுக்குப் பக்கத்தில் அப்பா நிற்கும்போது சில பாட்டுகள் நின்றுவிடும். அவை யாரைப் பற்றியவை என்பது எனக்கு அப்போதே புரிந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேளத்தோடு ஏறி வருவார்கள். எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது, மைக் அதிலேயே இருந்தது, சிவப்புப் பொத்தானும் இருந்தது. அந்தப் பொத்தானை ஆங்கில வானொலிக்காக மட்டுமே அழுத்தினோம்.

இலங்கை மலையகத்தில் சி.வி.வேலுப்பிள்ளை தோட்டத் தொழிலாளர் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதனால் அந்த வரிகளாவது அச்சில் இருக்கின்றன. குரல் வேறு விஷயம். எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள், எந்தச் சொல்லில் சிரித்தாள் என்பதை அச்சு சொல்லாது.

இன்று கருவி ஒரு சாக்கு இல்லை. சேலத்தில் எனக்குத் தெரிந்த பையன்கள் மாடி அறை ஒன்றில் முட்டை அட்டையும் பழைய மெத்தையும் வைத்துப் பதிவறை செய்திருக்கிறார்கள். ஒரு லேப்டாப், இரண்டு மைக் செருகுகிற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன். மார்ட்டின் பர்ச் ஜப்பானில் பதிந்த எட்டு டிராக்கைவிட அதிக டிராக் அந்த லேப்டாப்பில் இருக்கிறது. ஆனால் அவர்களும் பாட்டைத் துண்டு துண்டாகப் பதிந்து, தாளத்தைக் கணினியில் நேராக்கி, குரலின் சுருதியைத் திருத்தித்தான் வெளியிடுகிறார்கள். எல்லோரும் ஒன்றாக நின்று, ஒரே மூச்சில், ஆள் முன்னால் வாசித்ததைப் பதிவதில் அவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது; தப்பு தெரிந்துவிடும் என்கிறார்கள். நான் அவர்களுக்கு 'இந்தியன் ஓஷன்' குழுவின் 'டெசர்ட் ரெய்ன்' ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். 1997 ஜனவரி 1 அன்று, நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி நினைவாக சஹ்மத் அமைப்பு டெல்லியில் நடத்திய நிகழ்ச்சியில் வாசித்தது. ஆல்பம் போட வேண்டும் என்ற திட்டத்தோடு பதிந்தது அல்ல. இந்திய இசைக்குழு ஒன்றின் முதல் நேரடி ஆல்பம் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். தப்புகள் அதிலும் இருக்கின்றன. கேட்டு முடித்ததும், டிரம்ஸ் வாசிக்கிற பையன் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னான்.

அந்தப் பையன்களோடு சேர்ந்து இப்போது ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். மலைமேலும் சேலத்திலும் பரண்களில் கிடக்கிற கேசட்டுகளைக் கேட்டு வாங்குகிறோம். பள்ளி விழா, கல்யாண வீட்டு வாத்திய கோஷ்டி, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, கோயில் மேளம், பாட்டியின் தாலாட்டு என்று யார் எதைப் பதிந்திருந்தாலும் சரி. மலைக் கேசட்டுகளில் பெரும்பாலும் பூஞ்சை. டேப்பின் விளிம்பில் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் முழுக்க அப்பிவிடும், டேப்பும் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, சுருளை வெளியே எடுத்து, ஈரமில்லாத பெட்டியில் சில நாள் காயவைத்து, மென்மையான துணியால் மெல்லத் துடைத்து, நல்ல உறைக்குள் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். ஓட்டுகிற முதல் முறையே கணினியில் பதிந்துவிட வேண்டும். சில டேப்புகள் இரண்டாவது முறை ஓடுவதில்லை.

காபிப் பறிப்புக்கு வந்த பெண்களில் சிலர் இன்னும் நாகலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். வயது எழுபதுக்கு மேல். அவர்களிடம் கேசட் கிடையாது, பாட்டு மட்டும் இருக்கிறது. பறிப்பு தொடங்குவதற்குள் இரண்டு மைக்கோடு அங்கே போவதாக இருக்கிறோம். பையன்கள் கிட்டாரையும் எடுத்து வரலாமா என்று கேட்டார்கள். முதல் நாள் வேண்டாம், கேட்க மட்டும் போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.